இரண்டரை அங்குலம்

முதல் நாளே பெல்ட் அவள் கழுத்தை அறுத்துவிட்டது.

கரண்ட் வைக்கப் போன முதல் நாள் அது. ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். போகும்போது கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. வரும்போது அதன் பக்கத்திலேயே இன்னொன்று. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபோது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள். அதை வைத்துத்தான் அவள் கணவருக்கே தெரிந்தது.

ஒர்க் ஷாப் தெருவில் அவரைப் பைப்பிங் மாஸ்டர் என்று கேட்டால்தான் கடையைக் காட்டுவார்கள். கார் சீட்டுக்கு உறை தைக்கிற தொழில். உறையின் ஓரத்தில் உள்ளே பிளாஸ்டிக் வயர் வைத்து, பென்சில் கனத்துக்கு உருண்டு நிற்கிற மாதிரி ஒரு கரை தைப்பார்கள். அதுதான் பைப்பிங். மற்ற கடைகளில் கேட்டால் போட்டுத் தருவார்கள். இவர் கேட்காமலே போடுவார். சீட்டுக்குப் போடுவார், கைப்பிடிக்குப் போடுவார். வீட்டில் மிக்ஸிக்குத் தைத்த உறையிலும் பைப்பிங் இருந்தது. ஓரம் முடிக்காத வேலை ஒன்றுகூட அவர் கடைப்படி இறங்கியதில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் கேலிக்காக அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். இரண்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். அக்குளிலிருந்தும் கொஞ்சம் எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. வேறு பெயரும் சொல்லவில்லை. "இந்தா" என்பார், அல்லது பக்கத்தில் வந்து நிற்பார்.

மொத்தம் இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் லீவு. நடுவில் விடக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். சேர்ந்தாற்போல ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் விட்டால் அதுவரை வைத்ததன் பலனும் குறைந்துபோகும். மிச்சம் மீதி ஏதாவது உள்ளே இருந்தால் அது மறுபடி தலை தூக்கும். அவள் சரி என்றாள். அவரும் சரி என்றார். அந்த வீட்டில் அந்த இரண்டு மாதத்தில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

பஸ் கூடாது, கூட்டத்தில் ஏதாவது காய்ச்சலை ஒட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கார். அவருடைய கார் இருபத்தாறு வயசுக் கார். எட்டு வருஷத்துக்கு முன்பு வெறும் கூடாக வாங்கி, உள்ளே முழுக்க அவரே உறை போட்டு எடுத்தது. கூரையில் உறை, கதவில் உறை, பின் பக்கத் தூண்களிலும் உறை. அவருடைய தங்கை அந்தக் காரைப் பெரியம்மா என்பாள். மேட்டில் ஏறும்போது முனகுமாம், இறங்கும்போது பேச்சே இருக்காதாம். தங்கை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டி முடிந்து சாயங்காலம் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ரொட்டி, அவித்த முட்டை, காய்கறி சூப். மூன்று தட்டிலும் போட்டுவிட்டு, அன்றைக்குப் பஸ்ஸில் நடந்த சண்டைகளை வரிசையாகச் சொல்வாள். அண்ணன் சாப்பிடுவார். அண்ணி தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் நாள் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது தற்செயலாகத் திரும்பியவர், அவள் பெல்ட்டைக் கைக்கு அடியில் விட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தார்.

"அப்படிப் போடாத."

"கழுத்துல அறுக்குதுங்க."

"மேல எடுத்துப் போடு."

அவள் எடுத்துப் போட்டாள். கேட் திறந்தது. இத்தனை வருஷத்தில் அடிபட்ட வண்டிகளிலிருந்து பதினோரு சீட்டை அவர் உரித்திருக்கிறார். உரிக்கும்போதே தெரிந்துவிடும், அதில் உட்கார்ந்திருந்தவர் பெல்ட் போட்டிருந்தாரா, போட்டிருந்தால் எப்படிப் போட்டிருந்தார் என்று. கைக்கு அடியில் விட்ட பெல்ட் விலா எலும்பை என்ன செய்யும் என்பதை ஒரு போலீஸ்காரர் அவரிடம் விளக்கியிருக்கிறார். அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் கடையைத் திறக்காமல் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி நான்கு கதவையும் திறந்துபோட்டார்.

வெயில் தகரம் மாதிரி அடித்தது. புழுதிக் காற்று கடைத் தெருவிலிருந்து எண்ணெய் வாசனையைக் கொண்டுவந்து கொட்டியது.

பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி கிளிப் போட்டார். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். இருபத்தாறு வருஷத்து வியர்வை தேநீர் நிறத்தில் இறங்கியது. கதவுகளுக்கு நடுவில் நிற்கும் தூணில் பெல்ட் நுழைந்து வருகிற வளையம் ஒன்று உண்டு. அதன் உள்பக்கம் பிசுக்கு ஏறித் தார் போல இருந்தது. ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து அது பளபளக்கிற வரை துடைத்தார். பெல்ட் காய்ந்த பிறகு இழுத்துப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. ஆனாலும் இடம் சரியாக இல்லை. புது வண்டிகளில் அந்த வளையத்தை ஏற்றி இறக்கலாம். இதில் அடித்துவைத்த மாதிரி ஒரே இடம். அவள் குள்ளம். சீட்டில் ஒரு அங்குல ஃபோம் ஏற்றிப் பார்த்தும் பெல்ட் கழுத்தோடுதான் போனது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டின் மேல் மூலையில், வெளிப் பக்கமாக, ரெக்ஸினில் ஒரு வார் தைத்து மாட்டினார். பெல்ட் அதற்குள் நுழைந்து வந்தது. வார் அதைக் கழுத்திலிருந்து விலக்கி, தோளின் வெளி ஓரத்துக்குக் கொண்டுபோய், அக்குளுக்கு முன்பக்கமாகக் கீழே இறக்கியது. அதன்மேல் போட ஒரு உறை. உள்ளே மெத்தென்று துணி, வெளியே ரெக்ஸின், அகலம் இரண்டரை அங்குலம். பெல்ட்டில் ஊசி படாமல், சுற்றி மூடி ஒட்டுகிற மாதிரி செய்தார். பெல்ட்டில் ஒரு ஊசி ஓட்டை விழுந்தாலும் அதற்குப் பிறகு அது பெல்ட் இல்லை, ரிப்பன் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவர் அவர்.

உறையின் இரண்டு ஓரத்திலும் பைப்பிங் போட்டார். யோசித்துப் போடவில்லை. கை போட்டது.

சாயங்காலம் வந்த தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, விட்டா எங்க பஸ் டிக்கெட்டுக்கும் பைப்பிங் போட்டுடுவே."

"உன் பஸ்ஸுல மொதல்ல சீட்டு இருக்கா?"

"எதுக்கு சீட்டு? நிக்கிறதுக்கே இடமில்ல. அண்ணி, உக்காந்து பாருங்க. சிங்காசனம் செஞ்சு வெச்சிருக்கு இந்த மனுசன்."

அவள் வந்து உட்கார்ந்தாள். அவரே பெல்ட்டை இழுத்து மாட்டினார். திரும்பச் சொன்னார், குனியச் சொன்னார்.

"உறுத்துதா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல."

தொழிலில் அவருக்கு இருந்த ஒரே பரீட்சை அதுதான். ஆளை உட்கார வைப்பார், உறுத்துதா என்று கேட்பார். இல்லை என்றால் வேலை முடிந்தது. இரண்டு மாதமாக டாக்டர்களும் நர்ஸுகளும்தான் எல்லாம் செய்தார்கள். அவர் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்குத்தான் அவர் கையால் ஒன்று நடந்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. பசித்தது. இரண்டு முட்டை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு நாட்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி போயின. காலை எட்டு மணிக்குக் கிளம்புவார்கள். ரயில்வே கேட், ஆற்றுப் பாலம், செங்கல் சூளை. மூன்று இடத்திலும் ரோடு குலுங்கும். மூன்று இடத்திலும் அவர் கேட்பார்.

"உறுத்துதா?"

"இல்ல."

ஆஸ்பத்திரியில் அவள் உள்ளே போவாள். அவர் வராந்தா பெஞ்சில் உட்காருவார். அந்த பெஞ்சின் ரெக்ஸின் கிழிந்து ஃபோம் தெரிந்தது. தினமும் அதை விரலால் உள்ளே தள்ளுவார். பத்து நிமிஷத்தில் அவள் வெளியே வருவாள். திரும்பி வருவார்கள். வீட்டில் சமையலறை நாட்காட்டியில் அவள் ஒரு சின்ன டிக் போடுவாள். பரீட்சைப் பேப்பரில் போடுகிற அதே டிக்.

பத்தாம் நாள் தோல் சிவந்திருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கரண்ட் வைத்தால் எல்லாருக்கும் சிவக்கும், களிம்பு போட்டால் போதும் என்றார்களாம். அவள்தான் வண்டியில் வந்து சொன்னாள். அவர் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் உடை மாற்றினாள். அங்கிருந்த கண்ணாடிமேல் ஒரு துண்டு தொங்கியது. யார் போட்டது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளும் களிம்பைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தடவினாள். துண்டு தினமும் ஈரமில்லாமல் அங்கேயே தொங்கியது.

பதினான்காவது டிக் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது.

திங்கட்கிழமை அவர் பெஞ்சு ஃபோமை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்து மிஷின் மேடம் வெளியே வந்தார். கரண்ட் மிஷினை இயக்குகிற பெண்ணுக்கு நோயாளிகள் வைத்த பெயர் அது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருப்பார். பதினான்கு நாளில் ஒரு தடவைகூட மேடம் வராந்தாவுக்கு வந்து யாரையும் கூப்பிட்டதில்லை.

"டீச்சரம்மா வீட்டுக்காரர் நீங்கதானே?"

"ஆமாங்க."

"அவங்களுக்கு என்ன போட்டு விடுறீங்க? இறுக்கமா ஏதாவது? தோள்ல மாட்டுற பை?"

எதுவும் இல்லை என்றார். மேடம் கையில் இருந்த, கரண்ட் வைத்த நாட்களைக் குறிக்கிற அட்டையைத் திருப்பிப் பிடித்தார். கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகியிருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை வெறும் சிவப்பாக இருந்ததால் தாங்களும் கரண்ட் சிவப்பு என்றே நினைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனா இது எங்க வேலை இல்லீங்க. கரண்ட் சுட்டா திட்டுத் திட்டா சுடும். இது பாருங்க..." பேனாவை எடுத்து அட்டையின் பின்பக்கம் வரைந்தார். "ரெண்டு கோடு. ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. நடுவுல ஒண்ணுமே இல்ல, தோல் சுத்தமா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ."

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார்.

முப்பது வருஷமாக டேப் இல்லாமல் கண்ணாலேயே அளக்கிறவர் அவர். அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் இருந்தது இரண்டரை அங்குலம். இரண்டே முக்கால் இல்லை, இரண்டேகால் இல்லை.

வராந்தாவில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"பைப்பிங்," என்றார் அவர்.

மேடத்துக்குப் புரியவில்லை.

டாக்டர் கரண்ட்டை நிறுத்தினார். களிம்பை மாற்றினார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார். அதற்குள் காய வேண்டும், காய்ந்த இடத்தில் மறுபடி எதுவும் படக் கூடாது. அன்றைக்கும் வைக்க முடியாமல் போனால் என்ன என்று அவர் கேட்டதற்கு, அதைப் பற்றி அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பதிலை அவர் வண்டி நிறுத்துமிடம் வரை சுமந்துகொண்டு வந்தார். வந்ததும் முதல் வேலையாக உறையைப் பிய்த்து எடுத்தார். வாரையும் கழற்றினார். பெல்ட் மறுபடி கழுத்துக்கே போனது. அவள் கைக்குட்டையை மடித்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

செங்கல் சூளை வருவதற்கு முன்பே அவர் ஆரம்பித்தார்.

"நான் தினமும் கேட்டேனே."

"கேட்டீங்க."

"இல்லன்னு சொன்னியே."

"உறுத்தல. அதனால இல்லன்னேன்."

"புண்ணு உடைஞ்சு கெடக்கு. உறுத்தலங்கறே."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஐந்தாவது தடவையாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிற குரல்.

"அந்த எடத்துல எனக்கு எதுவுமே தெரியாதுங்க. ஆபரேஷன்லேர்ந்து. தோள்லேர்ந்து அக்குள் வரைக்கும், மேல கை வரைக்கும் மரத்துப் போச்சு. சுடுதண்ணி ஊத்தினாலும் தெரியாது. நரம்ப எடுத்துட்டாங்க. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்ப நீங்க வண்டிய நெழல்ல நிறுத்தப் போயிருந்தீங்க."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரியாதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல." கொஞ்ச தூரம் போனபின், "நீங்க பெல்ட்டப் பத்தித்தான் கேட்டீங்க," என்றாள்.

செங்கல் சூளையில் வண்டி குலுங்கியது. அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டார்.

அவருக்கு இப்போது கணக்குப் புரிந்தது. கழுத்தில் பெல்ட் அறுத்தது, அங்கே அவளுக்கு உணர்ச்சி இருந்தது, அவள் சொன்னாள். வலிக்கிற இடத்திலிருந்து எடுத்து வலி தெரியாத இடத்தில் வைத்தார். அவள் சொல்வதை நிறுத்தினாள். அதைத்தான் அவர் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் தங்கை வந்தபோது உறை மேஜைமேல் கிடந்தது. நடந்ததைக் கேட்டாள். உறையின் ஓரத்தை நகத்தால் ஒரு தடவை சுண்டிப் பார்த்தாள். சூப்பை ஊற்றினாள். மூன்று பேரும் சாப்பிட்டு முடிக்கிற வரை பஸ்ஸில் அன்றைக்குச் சண்டையே நடக்காத மாதிரி இருந்தது. பெல்ட்டே போடாமல் போய்விட்டால் என்ன என்று தங்கை கடைசியில் கேட்டாள். அண்ணன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் முடியாது என்றார். பதினோரு சீட்டு என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

"அப்ப என் பஸ்ஸுல ஏத்தி விடு. டிரைவருக்குப் பின்னாடி சீட்டு எனக்குன்னே காலியா இருக்கும். எவனாவது இடிச்சான்னா நான் பாத்துக்கறேன்."

"கூட்டத்துல போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல."

அண்ணி தலையைத் தூக்கினாள்.

"டிரைவருக்குப் பின்னாடியா?"

எழுந்து போய், பரீட்சைப் பேப்பர் கட்டிலிருந்து எழுதாத ஒரு தாளை உருவிக்கொண்டு வந்தாள். சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ஒரு ஆள் உருவம் வரைந்தாள். அதன்மேல் குறுக்காக ஒரு கோடு.

"நான் உக்கார்றது இடது பக்கம். பெல்ட் இடது தோள்லேர்ந்து வலது இடுப்புக்கு வருது. வலது பக்கம் உக்காந்தா?" தாளைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பின்பக்கத்திலிருந்து கோடு மறுபக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. "வலது தோள்லேர்ந்து இடது இடுப்புக்கு. இந்தப் பக்கத்து மேல் பாகத்துல எதுவுமே படாது."

வண்டியில் பேசியதை விட்டால், இரண்டு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது அதுதான். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் டிரைவர் சீட்டு," என்றார்.

"அதுக்குப் பின்னாடி."

"பின்னாடி பெல்ட் கெடையாது. பழைய வண்டி."

"போட முடியாதா?"

போட முடியும். அந்த மாடல் வண்டிகளில், பெல்ட் வராவிட்டாலும் அதற்கான போல்ட் ஓட்டைகளைக் கம்பெனியிலேயே தகட்டோடு வைத்தே செய்திருப்பார்கள். தூணில் ஒன்று, தரையில் இரண்டு. கூடாக வாங்கியபோது அவரே பார்த்திருக்கிறார். அசிங்கமாகத் தெரிகிறதென்று அட்டை வைத்து, ரெக்ஸின் போட்டு, ஓரமெல்லாம் பைப்பிங் அடித்து மூடியவரும் அவர்தான்.

மறுநாள் காலை அதை உரித்தார். எட்டு வருஷத்துக்கு முந்தைய தையல், ஒரு இழை நகராமல் இருந்தது. பிளேடை வைத்துக் கீறும்போது, வேறு யாரோ நல்ல வேலைக்காரன் செய்ததைக் கீறுகிற மாதிரி இருந்தது. ஓட்டைகள் துருப்பிடித்துக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஒரு பகல் ஊறப்போட்டார். அடிபட்ட வண்டியிலிருந்து ஒரு பெல்ட் கழற்றித் தரட்டுமா என்று எதிர்க் கடை மெக்கானிக் கேட்டார். ஒரு தடவை ஆளைத் தாங்கிப் பிடித்த பெல்ட் இன்னொரு தடவை தாங்காது என்று சொல்லிவிட்டுப் புதுசாக வரவழைத்தார். அது வர இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும் மெக்கானிக் இறுக்கத்தை அளந்து காட்டுகிற தன் ஸ்பேனரைக் கொண்டுவந்து போல்ட்டுகளை முறுக்கினார். பெரியம்மாவுக்கு இந்த வயசில் நகை போடுகிறீர்களா மாஸ்டர் என்றார். அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவியிருந்தது.

சனிக்கிழமை காலை வேலை முடிந்தது. அவர் வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"மேல் பக்கம் சரி. கீழ இடுப்புக்கு இறங்குற எடத்துல படுமா படாதான்னு தெரியல. கரண்ட் வைக்கிற எடத்தச் சுத்தி மேடம் கோடு போட்டு வெச்சிருக்காங்கன்னு சொன்னியே. அது எதுவரைக்கும் வருது?"

அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"வாயால சொன்னா அளவு வராது. டேப் எடுத்துட்டு வாங்க."

முன் அறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பதினோரு மணி வெயில் திரைக்குள் புகுந்து அறை முழுக்கப் பழுப்பாகக் கிடந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் பார்த்தார்.

இடது பக்கம் தட்டையாக இருந்தது. குறுக்கே ஒரு தையல், ஒரு சாண் நீளம், நேராக, இடைவெளி மாறாமல். நல்ல கை என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் எதைப் பற்றி நினைக்கிறோம் என்பது உறைத்தது. சுற்றிலும் ஊதா மையில் மேடம் போட்ட கட்டம். மேலே, தோளிலிருந்து அக்குள் ஓரமாக இறங்கும் இரண்டு கோடுகள். பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தன. அவற்றுக்கு டேப் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"காஞ்சிருக்கா?" என்றாள் சுவரிடம்.

"காஞ்சிருக்கு."

"நான் பாத்ததே இல்ல."

"நானும்."

ஊதாக் கட்டத்தின் கீழ்க் கோட்டை அளந்தார். பிறகு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை மெதுவாகக் கட்டத்துக்கு வெளியே, விலாப் பக்கம் வைத்தார்.

"தொட்டீங்களா?"

"ம்."

"தெரியல."

விரலைக் கீழே நகர்த்தினார். "இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"இல்ல."

இன்னும் ஒரு விரல்கடை. "இப்போ?"

"ம். இங்க தெரியுது."

அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றை மேஜைமேல் விரித்து, பக்கத்திலேயே சாக்பீஸ் வைத்திருந்தார். அளந்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். மறுபடி விரல், மறுபடி கேள்வி. இல்ல, இல்ல, இங்க தெரியுது. புள்ளி. முதுகுப் பக்கம் வரை போய், கையின் உள்பக்கம் ஏறி, தோள்பட்டைக்கு வந்து முடிந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவளுக்குக் குளிர்கிறதா என்று கேட்கவில்லை. அவளும் போதும் என்று சொல்லவில்லை. கடைசியில் புள்ளிகளைச் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். அவள் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து அதைப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசா?" என்றாள்.

"இவ்ளோதான்," என்றார்.

இந்தக் கோட்டுக்குள் எதுவும் படக் கூடாது. காரின் பின்சீட்டில் அவளை அந்த ரவிக்கையோடு உட்கார வைத்துப் பார்த்தபோது, பெல்ட் கீழே ஒரு மூலையில் கோட்டுக்குள் அரை அங்குலம் நுழைந்தது. சீட்டை ஒன்றரை அங்குலம் ஏற்றினால் பெல்ட் இன்னும் கீழே இறங்கிப் போகும். ஃபோமை வெட்டி, வெறும் பருத்தித் துணி சுற்றி, பின்சீட்டில் வைத்துக் கட்டினார். அன்று சாயங்காலம் தங்கை அதைப் பார்த்துவிட்டு, துணியின் ஓரம் பிசிர் பிசிராகத் தொங்குகிறதே என்றாள்.

"தொங்கட்டும்," என்றார்.

திங்கட்கிழமை டாக்டர் புண்ணைப் பார்த்தார். விரல் படாமல் விளக்கை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து நெடு நேரம் பார்த்தார். நிறுத்தி ஏழாவது நாள் அது. இன்றைக்கே வைக்கலாம் என்றார். மிஷின் மேடம் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கிழிந்த ஃபோம் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இது பதினைந்தாவது டிக்.

திரும்பும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. புழுதி அடங்கி ரோடு கறுத்துவிட்டது. பக்கத்து சீட் காலியாக இருந்ததில் அவருக்கு வண்டியே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. மேல் கண்ணாடியில் பார்த்தால் அவளுடைய நெற்றியும் ஒரு பாதிக் கண்ணும்தான் தெரிந்தன. மீதியை அவருடைய சீட்டின் தலையணையே மறைத்தது. அதன் ஓரத்தில் பைப்பிங் மின்னியது.

செங்கல் சூளையில் வண்டி குலுங்கியது. அவர் கேட்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் குலுங்கியது. கேட்கவில்லை. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டு போய்வந்தது. கேட்டு என்ன தெரிந்துகொள்ளப்போகிறோம் என்று இருந்தது. வீட்டுக்குப் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கண்ணால்தான் பார்க்க வேண்டும். இனிமேல் தினமும்.

ரயில்வே கேட்டுக்கு முன்னால் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க."

"ம்."

"உறுத்துது."

அவர் கண் கண்ணாடிக்குப் போனது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள், கை தெரிந்தது. வலது பக்கம், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் இருந்தது.

"எங்க?"

"இந்தப் பக்கம். கழுத்துல. ஆஸ்பத்திரியிலேர்ந்தே உறுத்துது."

"ரொம்பவா?"

"ரொம்ப. நல்லா தெரியுது."

கேட் திறந்துதான் இருந்தது. பின்னால் வந்த லாரிக்குக் கை காட்டி, அவர் வண்டியை ஓரம் கட்டினார். என்ஜினை நிறுத்தினார். இறங்கி, தூறலில் நனைந்துகொண்டே சுற்றி வந்து பின் கதவைத் திறந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது.

"காட்டு டீச்சர்," என்றார்.

அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து, பெல்ட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.